ரோடும் ஸ்திரீட்டும்: சிங்கப்பூர்ச் சாலைப் பெயர்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் முகவரி சொல்லும்போது பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, அதன் ஈற்றில் வரும் ரோடு, ஸ்திரீட், அவென்யூ ஆகியவற்றை மாற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது வெறும் ஒட்டுச்சொல் என்ற நினைப்புதான் காரணம். இந்தத் தீவு எப்படி வளர்ந்தது என்பதும், அதில் நம் முன்னோரின் உழைப்பு எவ்வளவு என்பதும் அந்த ஈற்றுச்சொல்லைத் தொட்டால் தெரியவரும். புதிதாகக் குடியேறியவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ரோடு, ஸ்திரீட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காகப் போடப்பட்டது ரோடு. ஊருக்குள்ளே, இருபுறமும் வீடும் கடையும் வாசல் வைத்து நிற்க, நடுவில் மக்கள் புழங்கும் இடம் ஸ்திரீட். முன்னதைப் பற்றி நாம் கேட்பது “இது எங்கே போகிறது?” என்று. பின்னதைப் பற்றிக் கேட்பது “இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று. தமிழில் சாலை, தெரு என்று நாம் பிரிப்பதும் ஏறக்குறைய இதே அடிப்படையில்தான். “எங்கள் தெரு” என்று எல்லோரும் சொல்கிறோம். “எங்கள் நெடுஞ்சாலை” என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இதை இலக்கணச் சூத்திரம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தின் தாயகத்திலேயே ரோமானியர் போட்ட நெடுந்தூரப் பாதைக்கு வாட்லிங் ஸ்திரீட் என்றுதான் பெயர். கல் பாவிய பாதை என்ற பொருளில் வந்த லத்தீன் சொல்தான் ஸ்திரீட் ஆனது. ரோடு என்பது குதிரைச் சவாரியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஊருக்குள், ஊருக்கு வெளியே என்ற பிரிவு பிற்காலத்தில் படிப்படியாக உருவானது.

இந்த வேறுபாட்டை நேரில் காண சிங்கப்பூரில் எங்கே போகலாம்?

சைனாடவுனுக்குப் போங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில், ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு எதிரே நின்று பாருங்கள். இதைவிடத் தெளிவான பாடம் வேறெங்கும் இல்லை.

சிங்கப்பூர் ஆற்றுப் பாலத்திலிருந்து தெற்கே வரும் சாலை என்பதால் அது சவுத் பிரிட்ஜ் ரோடு. ஆற்றைக் கடந்து வடக்கே போனால் அதன் தொடர்ச்சிக்கு நார்த் பிரிட்ஜ் ரோடு என்று பெயர். பாலத்தை வைத்து, திசையை வைத்துப் பெயர் அமைந்திருக்கிறது; எங்கிருந்து எங்கே போகிறது என்பதையே அது சொல்கிறது. அந்தச் சாலையிலிருந்து கிளை பிரிந்து போகின்றன பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மோஸ்க் ஸ்திரீட். இந்தப் பெயர்களில் திசை இல்லை. அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் இருக்கிறது.

எனக்கு நெஞ்சு நிறையும் செய்தி இதற்குள் உண்டு. பகோடா என்று ஆங்கிலேயர் சொன்னது மாரியம்மன் கோயில் கோபுரத்தை. டெம்பிள் என்பதும் அதே கோயில்தான். 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய கோயில் அது. மோஸ்க் என்பது சற்றுத் தள்ளி அதே சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சீனர்களின் வட்டாரம் என்று உலகமே அறிந்த இடத்தில் மூன்று தெருக்களின் பெயர்கள் தமிழர்களின் இரண்டு வழிபாட்டு இடங்களிலிருந்து வந்தவை. பகோடா ஸ்திரீட்டில் நினைவுப்பொருள் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சிராங்கூன் சாலையில் முழுக்கக் கடைகள்தானே? அது ஏன் ரோடு?

இன்று பார்த்தால் நியாயமான சந்தேகம். பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, கோயில் என்று இரண்டு பக்கமும் வாசல்களாகவே இருக்கின்றன. ஆனால் அந்தச் சாலை போடப்பட்டபோது கடை எதுவும் இல்லை. நகரத்திலிருந்து கிளம்பி, சதுப்பையும் காட்டையும் தாண்டி, தீவின் வடகிழக்கே சிராங்கூன் துறையை நோக்கிப் போன பாதை அது. 1820களிலேயே வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டது. போய்ச் சேரும் ஊரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். புக்கிட் தீமா ரோடும் அப்படிப்பட்டதுதான்.

அந்தச் சாலைகளைப் போட்டவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1824இல் பிரிட்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் வசமிருந்த சுமத்திராவின் பென்கூலன் ஹாலந்தின் கைக்கு மாறியது. அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த இந்தியக் கைதிகளை 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்து இறங்கியவர்கள் சென்னையிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். பிறகு வங்காளக் கைதிகளும் வந்தார்கள். 1873 வரை தீவின் காட்டை வெட்டியதும், சதுப்பை நிரப்பியதும், கல் உடைத்துச் சாலை போட்டதும் இந்தக் கைகள்தாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவையும் கட்டியது அதே உழைப்புதான். தீவின் ஆரம்பகாலச் சாலைகள் எதில் நடந்தாலும் அவர்களை நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

சாலை போட்ட பிறகுதான் அதன் ஓரத்தில் வாழ்க்கை சேர்ந்தது. மாட்டு வணிகம் வந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்தில் 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு அதை நினைவூட்டுகிறது. கோயில்கள் எழுந்தன, கடைகள் திறந்தன. ரோடாகப் பிறந்தது தெருவாக வாழ்கிறது. ஈற்றுச்சொல் அதன் பிறப்பை மட்டும் காட்டும். இன்றைய வாழ்வைக் காட்டாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான்.

தைப்பூசத்தன்று வாருங்கள். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகளும் பால்குடங்களும் புறப்பட்டு டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயிலை நோக்கி நடக்கும்போது, எந்தப் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது வீதியுலா போகும் வீதிதான். தீமிதிக்கு அதே பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு வரை பக்தர்கள் நடக்கிறார்கள். வண்டிக்காகப் போட்ட பாதையில் அந்தச் சில மணி நேரம் காலுக்குத்தான் முதலிடம்.

அப்படியானால் சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவில் ரோடு, ஸ்திரீட், லேன் எல்லாம் கலந்து கிடப்பது ஏன்?

ஒரே நாளில், ஒரே கையால் போடப்படாததால்தான். டன்லப் ஸ்திரீட், கிளைவ் ஸ்திரீட், கேம்பல் லேன், டிக்சன் ரோடு, ஹிந்து ரோடு எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நிலச் சொந்தக்காரர்கள் தங்கள் மனையைப் பிரித்தபோது சில உண்டாயின; நகராட்சி சிலவற்றைத் திறந்தது. பெயர் வைத்தவருக்கு அப்போது தோன்றியதே நிலைத்தது. பஃபலோ ரோடு எந்த ஊருக்கும் போகவில்லை. தேக்கா சந்தையை ஒட்டிய சிறிய பாதை அது. தெரு என்று சொல்ல எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு. ஆகவே, பழைய பெயர்களில் ஈற்றுச்சொல்லை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதுவே ஆதாரம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கு வியப்பாக இருக்கும் விஷயம் இது. பேச்சு வழக்கில் ரோடு பெரியது, ஸ்திரீட் சிறியது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஸ்திரீட்தான் பெரிய வட்டம்.

தெருப் பணிகள் சட்டத்தில் ஸ்திரீட் என்ற சொல்லுக்குள் ரோடு, சதுக்கம், நடைபாதை, பின்சந்து, பாலத்தின்மேல் செல்லும் வழி அனைத்தும் அடங்குகின்றன. ஓரத்தில் ஓடும் வடிகாலும் அதில் சேர்த்தி. பொதுமக்களுக்கு வழியுரிமை இல்லாவிட்டாலும்கூட, ஒன்றுக்கு மேற்பட்ட மனைகளுக்குப் போக உதவும் வழி அந்த வரையறைக்குள் வந்துவிடும். 1961ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமோ ரோடு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது: பொதுச் சாலையும், பொதுமக்கள் புழங்கக்கூடிய மற்றச் சாலைகளும், சாலை செல்லும் பாலங்களும் அதில் அடங்கும்.

ஒன்று வழியைப் போட்டுப் பராமரிப்பது பற்றிய சட்டம். மற்றது அதில் வண்டி ஓட்டுவது பற்றிய சட்டம். அதனால்தான் முன்னது சுவரிலிருந்து சுவர் வரை பார்க்கிறது. பின்னதன் கவனம் வண்டி போகும் இடத்தில் இருக்கிறது. என் பார்வையில் இந்த இரண்டு சட்டங்களும்தான் ரோட்டுக்கும் ஸ்திரீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அகராதியையும்விட நன்றாக விளக்குகின்றன.

கடை வாசலில் கூரைக்குக் கீழே நடக்கும் ஐந்தடிப் பாதை தெருவில் சேர்த்தியா, கடையில் சேர்த்தியா?

நல்ல கேள்வி, இருநூறு ஆண்டுகளாக இதற்குச் சண்டை நடந்திருக்கிறது. 1822இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவுக்குக் கொடுத்த கட்டளையில், செங்கல் வீடுகள் ஒவ்வொன்றின் முன்பும் குறிப்பிட்ட அகலத்துக்குத் தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெருவின் இரண்டு பக்கத்திலும் தொடர்ச்சியான, கூரை போட்ட, எப்போதும் திறந்திருக்கும் வழியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

கடைக்காரர்கள் அங்கே சரக்கை அடுக்குவதும், அதிகாரிகள் அகற்றச் சொல்வதும் தொடர்ந்து நடப்பதுதான். பூ கட்டுகிறவர் அங்கே உட்கார்ந்திருப்பது தெருவுக்கு அழகு. சக்கரநாற்காலியில் வருகிற பெரியவர் வண்டிப் பாதையில் இறங்க நேர்ந்தால் அது அநியாயம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைவீடுகளுக்குப் பின்னால் உள்ள பின்சந்துகளும் தானாக வந்தவை அல்ல. 1907இல் மருத்துவர் சிம்ப்சன் நகரின் சுகாதாரம் பற்றித் தந்த அறிக்கை, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்கு நடுவே சந்து திறந்து காற்றும் துப்புரவும் வர வழி செய்யச் சொன்னது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியின் ஆரம்பகால வேலைகளில் அதுவும் ஒன்று.

ரோடு என்றால் பெரியது, ஸ்திரீட் என்றால் சிறியது என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையம் சாலைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: விரைவுச்சாலை, பெருந்தடச் சாலை, சிறுதடச் சாலை, முதன்மை அணுகுசாலை, உள்ளூர் அணுகுசாலை. இந்தப் பிரிவுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. விக்டோரியா ஸ்திரீட்டிலும் ஹில் ஸ்திரீட்டிலும் பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. பெயரில் ரோடு இருக்கும் எத்தனையோ பாதைகளில் இரண்டு கார்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும். வேறு அறிவிப்பு இல்லாத சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பெயர் எதுவானாலும் அதுதான்.

தெம்பனிஸ் ஸ்திரீட் 21, ஈசூன் ஸ்திரீட் 71 என்று எண் வைத்திருப்பது ஏன்? முதல் இருபது தெருக்கள் எங்கே?

வரிசை எண்ணாக எண்ணினால் குழப்பம்தான் வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நகரங்களை அக்கம்பக்க வட்டாரங்களாகப் பிரித்துக் கட்டியது. தெம்பனிசில் முதல் இலக்கம் வட்டாரத்தைக் குறிக்கும். அடுத்த இலக்கம் அந்த வட்டாரத்துக்குள் எத்தனையாவது தெரு என்பதைக் குறிக்கும். ஸ்திரீட் 21 என்றால் இரண்டாம் வட்டாரத்தின் முதல் தெரு. புளோக் எனப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் எண்ணும் அதோடு ஒத்துப்போகும்: ஸ்திரீட் 21இல் இருநூறுகளில் தொடங்கும் புளோக்குகள், ஸ்திரீட் 81இல் எண்ணூறுகளில் தொடங்கும் புளோக்குகள். ஈசூனிலும் இதே முறைதான். இதைத் தெரிந்துகொண்டால் புளோக் எண்ணைக் கேட்டதுமே ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

இத்தகைய நகரங்களில் ஈற்றுச்சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்கிறது. பெரும்பாலும் வட்டாரங்களுக்கு நடுவே ஓடும் பெரிய சாலை அவென்யூ; வட்டாரத்துக்குள் நுழைந்து புளோக்குகளின் காலடியில் போவது ஸ்திரீட். பழைய நகரில் காலம் கலைத்துப்போட்ட வேறுபாட்டைப் புதிய நகர்களில் திட்டமிட்டு மறுபடி வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அங் மோ கியோவில் மட்டும் அவென்யூக்கள் மிகுதி. அங்கே முகவரியில் புளோக் எண்ணைக் கவனமாகப் பாருங்கள்.

ஜாலான், லோரோங் என்றால்?

மலாய்ச் சொற்கள். ஜாலான் சாலை, லோரோங் சந்து, லெங்கோக் வளைவு. ஜாலான் புசார் என்றாலே பெரிய சாலை. கேலாங்கில் லோரோங்குகள் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்று பிரிந்திருக்கும். தோ பாயோவில் லோரோங் என்று பெயர் இருந்தாலும் அவை பஸ் ஓடும் அகலமான சாலைகள்.

கிரசென்ட், கிளோஸ், சர்க்கஸ்?

பிறைபோல வளைந்து போவது கிரசென்ட். பெரும்பாலும் முட்டுச்சந்தாக முடிவது கிளோஸ். சர்க்கஸ் என்பது வட்டச் சந்திப்பு. நியூட்டன் சர்க்கஸ் அப்படி வந்த பெயர்.

அப்பர் சிராங்கூன் ரோடு என்பதில் அப்பர் எதற்கு?

நகரத்திலிருந்து அதே சாலையில் மேலும் உள்ளே போகிறோம் என்பதற்கு. உயரத்துக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. நெடுஞ்சாலைகளில் அக்காலத்தில் மைல்கல் நட்டுத் தூரம் எண்ணினார்கள். கோவன் வட்டாரத்தைப் பழையவர்கள் ஆறாவது மைல் என்று சொல்வது அந்த வழக்கத்தால்தான். தெருவுக்கு யாரும் மைல்கல் நடுவதில்லை.

பெயரை முடிவு செய்வது யார்?

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின்கீழ் இயங்கும் தெரு, கட்டடப் பெயர் வாரியம். அதன் ஒப்புதல் இல்லாமல் புதிய பெயர் நடைமுறைக்கு வராது.

தமிழ்ப் பெயர் தாங்கிய சாலைகள் உண்டா?

உண்டு. வீராசாமி ரோடு, பெருமாள் ரோடு, மெய்யப்பச் செட்டியார் ரோடு, ஆறுமுகம் ரோடு, பிள்ளை ரோடு. ஊர்ப் பெயரில் கடையநல்லூர் ஸ்திரீட்; தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களை நினைவில் வைத்திருக்கும் சிறிய தெரு அது. சூலியா ஸ்திரீட்டின் பழைய பெயர் இந்தியர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டதால், 1920களின் தொடக்கத்தில் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. அதன் பக்கத்தில் மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கி (தொழில் நடத்தும் கூடம்) வைத்து வட்டித்தொழில் நடத்தினார்கள். பலகையில் என்ன இருந்தாலும் நம்மவர்கள் அதைச் செட்டித் தெரு என்றே அழைத்தார்கள். கிட்டங்கிகள் இடிந்து அலுவலகக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. தெருவின் பெயராவது மிஞ்சியிருப்பதில் எனக்கு ஆறுதல்.

பெயரைத் தமிழில் எழுதும்போது ரோட்டைச் சாலை என்று மாற்றலாமா?

கட்டுரையிலும் செய்தியிலும் தாராளமாக மாற்றலாம். சிராங்கூன் சாலை நிலைத்துவிட்ட வழக்கு. முகவரியில் மாற்றாதீர்கள். டன்லப் தெரு என்று எழுதிக் கொடுத்தால் தேடுகிறவர் தவிப்பார்.

ரோடாக இருப்பதைத் தெருவாக மாற்ற முடியுமா?

முடியும், இங்கே நடந்துகொண்டும் இருக்கிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015இல் திறந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே சந்தை கூடுகிறது. மூத்தோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் சில்வர் சோன் அமைத்து வேகத்தைக் குறைத்து, நடுவில் நின்று கடக்க இடம் விட்டிருக்கிறார்கள். 2023இல் ஃபிரெண்ட்லி ஸ்திரீட்ஸ் என்ற திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்து, அங் மோ கியோ, தெம்பனிஸ், தோ பாயோ உள்ளிட்ட வட்டாரங்களில் தொடங்கியது. பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரிவது, படியில்லாமல் கடக்க வழி செய்வது, வேக வரம்பைக் குறைப்பது ஆகியவை அதன் கூறுகள். திட்டத்தின் பெயரில் ரோடு இல்லாமல் ஸ்திரீட் இருப்பதைக் கவனியுங்கள்.

இதை நான் மனமார வரவேற்கிறேன். இந்தச் சிறிய தீவின் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு சாலைகளுக்கே போய்விடுகிறது. அவ்வளவு இடத்தையும் வண்டிகள் கடந்து போவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது. சந்தைக்கும் காப்பிக்கடைக்கும் பள்ளிக்கும் நடுவில் உள்ள வழியையாவது நின்று பேசக்கூடிய இடமாக வைத்திருக்க வேண்டும். விரைவுச்சாலை விரைவுச்சாலையாகவே இருக்கட்டும். அதன் ஓரத்தில் யாரும் நாற்காலி போட்டு உட்காரப் போவதில்லை. வேகமாகப் போகவும் வசதியில்லாமல், நிம்மதியாக நிற்கவும் இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட சாலைகள்தாம் ஆபத்தானவை. முதலில் அவற்றைச் சீர்செய்ய வேண்டும்.

ஒரே பெயரில் பல ஈறுகள் இருந்தால் வழி கேட்பது எப்படி?

ஹாலந்து ரோடு, ஹாலந்து அவென்யூ, ஹாலந்து டிரைவ், ஹாலந்து கிளோஸ் எல்லாமே உண்டு. பிடோக் நார்த் என்றால் ரோடா, அவென்யூவா, ஸ்திரீட்டா என்று கேட்காமல் டாக்சி நகராது. முழுப் பெயரோடு புளோக் எண்ணையும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் சொல்லுங்கள். 1995இல் வந்த அந்தக் குறியீடு பெரும்பாலும் கட்டடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தரப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளில் கடைசி இலக்கங்கள் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். அவசர மருத்துவ வண்டியை அழைக்கும்போது இது மிகவும் முக்கியம். வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.